விசிடியை ஐஎஸ்ஓவாக எடுத்து நான் பட்ட பாடு

வீட்டில் பழைய கல்யாண விசிடிகள் (வீடியோ சிடிகள்) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைக்கலாம் என்று கிளம்பினேன். ஐஎஸ்ஓ என்பது ஒரு டிஸ்க்கை ஒரே கோப்பாக நகலெடுத்து வைக்கும் ஒரு வகை. கடைகளுக்குக் கொடுத்த 410 சிங்கப்பூர் வெள்ளி போனது. ஜூன் பள்ளி விடுமுறை முழுக்கப் பிள்ளைகளோடு இருந்திருக்க வேண்டிய நேரமும் போனது. எங்கள் பாட்டி இருக்கும் ஒரே வீடியோவில் கடைசிப் பகுதி திரும்பக் கிடைக்கவே இல்லை. "விசிடியை மட்டும் ஐஎஸ்ஓவாக எடுக்காதே" என்று ஆரம்பத்திலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

சிங்கப்பூரில் 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, அரங்கேற்றம் என்று எது நடந்தாலும் வீடியோக்காரர் விசிடியில் போட்டுத்தான் கையில் கொடுப்பார். நம் ஊர்ப் புழுக்கத்தில் வீடியோ கேசட்டில் பூஞ்சை பிடித்துவிடும், டிஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஒரு டிஸ்க்கில் 74 நிமிஷம், மிஞ்சினால் 80 நிமிஷம்தான் பிடிக்கும். அதனால் ஒரு கல்யாணம் என்றால் மூன்று நான்கு டிஸ்க் ஆகிவிடும். எங்கள் வீட்டில் மொத்தம் 22 இருந்தன. 2001ல் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் மண்டபத்தில் நடந்த அக்கா கல்யாணம் மட்டும் நான்கு. அதில் மூன்றாவது டிஸ்க்கில்தான் அப்பா தாரை வார்த்துக் கொடுக்கிற இடம் வரும். அப்பா 2016ல் தவறிவிட்டார். உட்லண்ட்ஸ் வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு மாறியபோது பழைய பிளேயரும் உயிரை விட்டது. அம்மா ஒருநாள், "அப்பா பேசுறதக் கேக்கணும் போல இருக்கு, அந்தக் கல்யாண சிடியப் போட முடியுமா?" என்று கேட்டார். அப்படித்தான் இந்த வேலை தொடங்கியது.

எனக்கு வேலை ஷிப்டில். அதனால் தேக்கா பக்கம் ஒரு கடையில் 22 டிஸ்க்கையும் கொடுத்துவிட்டேன். ஒரு டிஸ்க்குக்கு 15 வெள்ளி, மொத்தம் 330. "அப்படியே இமேஜ் எடுத்துடுவோம், ஒரிஜினல் மாதிரியே இருக்கும்" என்று சொன்னார்கள். இமேஜ் என்றால் டிஸ்க்கில் இருப்பதை முழுக்கக் கோப்பாக நகலெடுப்பது. சில வாரம் கழித்து ஒரு தம்ப் டிரைவும் டிஸ்க்குகளும் திரும்பி வந்தன. தம்ப் டிரைவில் வரிசையாக 22 ஐஎஸ்ஓ கோப்புகள். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அம்மாவை டிவி முன்னால் உட்கார வைத்து மூன்றாவது டிஸ்க்கின் கோப்பைத் திறந்தேன். மண்டபம் தெரிந்தது, நாதஸ்வரச் சத்தம் கிறீச்சென்று வெட்டி வெட்டி வந்தது, படம் முழுக்கப் பச்சையும் சாம்பலுமாகச் சதுரக் கட்டங்கள். அப்பா குனிந்து அத்தான் கையைப் பிடிக்கிற நேரம் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்கள்தான் இருந்தன. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு வந்த கோபமும் துக்கமும் இப்போது நினைத்தாலும் தொண்டையை அடைக்கிறது.

கடையில் போய்க் கேட்டால், "உங்க டிஸ்க் பழசு சார், உள்ள கெட்டுப் போயிருக்கு" என்றார்கள். வேறு சில கோப்புகளில் படம் ஓடவே இல்லை என்றேன். அதற்கும் அதே பதில். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதில் 'டிஸ்க் இமேஜ்' என்று இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டோம் என்று முடித்துவிட்டார்கள். ரசீதில் என்ன எழுதச் சொல்ல வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் 330 வெள்ளிக்கு வழி பிறந்திருக்கும்.

டிஸ்க் கெட்டுவிட்டது என்பதை மனது ஏற்கவில்லை. 48 வெள்ளிக்கு யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி, மூன்றாவது டிஸ்க்கைப் போட்டு விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் ஓடவிட்டேன். முதலிலிருந்து கடைசிவரை பிசிறில்லாமல் ஓடியது. அப்படியானால் டிஸ்க் நன்றாக இருக்கிறது, கெட்டது இமேஜ்தான். உங்களுக்கும் இப்படி ஒரு சந்தேகம் வந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள். டிஸ்க் நேரடியாக ஓடுகிறதா என்று பார்க்காமல் டிஸ்க்கின் மேல் பழி போடுகிறவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

அதற்கப்புறம்தான் விசிடி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். விசிடி என்பது 1993ல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி நான்கும் சேர்ந்து வகுத்த தரம். 'ஒயிட் புக்' என்பார்கள். சிடியில் தகவல் செக்டார் எனப்படும் சிறு சிறு துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு செக்டாரும் 2352 பைட், ஒரு நொடிக்கு 75 செக்டார். கோப்புகள் எழுதிய சாதாரண சிடியில் இந்த 2352ல் 2048 பைட்தான் உண்மையான தகவல். மீதியில் பெரும்பகுதி, அதாவது 276 பைட், பிழை திருத்துவதற்கு. கீறல் விழுந்தால் அதையும் வைத்துத்தான் டிரைவ் கணக்குப் போட்டுத் தகவலை மீட்கிறது. வீடியோவில் ஒரு புள்ளி போனால் குடி முழுகிவிடாது, ஆனால் இடம் பற்றாது. அதனால் விசிடியில் படம் இருக்கிற செக்டார்களில் அந்தப் பிழைதிருத்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 2048உம் 276உம் சேர்ந்து 2324 பைட். இந்த வகை செக்டாருக்கு 'மோட் 2 ஃபார்ம் 2' என்று பெயர். அந்த ஒவ்வொரு செக்டாரிலும் எம்பெக்-1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவின் ஒரு முழுப் பொட்டலம் இருக்கிறது.

இப்போது ஐஎஸ்ஓவுக்கு வருவோம். ஐஎஸ்ஓ கோப்பு செக்டாருக்கு 2048 பைட் என்ற கணக்கில்தான் எழுதப்படுகிறது. டிவிடிக்கும் சாஃப்ட்வேர் சிடிக்கும் அது போதும், அதனால்தான் கடைக்காரர்களுக்கு அது கைப்பழக்கம். விண்டோஸில் இரண்டு தட்டுத் தட்டினால் திறந்தும் விடும். விசிடியை அப்படி எடுத்தால் ஒவ்வொரு பொட்டலத்தின் வாலிலும் 276 பைட் வெட்டுப்பட்டுப் போகிறது. எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் எங்கோ ஓரிடத்தில் மொத்தமாகப் போகவில்லை, நொடிக்கு 75 இடத்தில் போகிறது. அப்பா முகத்தில் கட்டம் கட்டமாக வந்ததற்குக் காரணம் இதுதான்.

படமே ஓடாத கோப்புகளின் காரணம் வேறு. விசிடியில் குறைந்தது இரண்டு டிராக், அதாவது தனித்தனிப் பகுதிகள், இருக்கும். முதல் டிராக் மிகச் சிறியது, கோப்புப் பட்டியலும் மெனு விவரமும் மட்டும் அதில் இருக்கும். படம் இரண்டாவது டிராக்கிலிருந்து தொடங்குகிறது. ஐஎஸ்ஓவில் ஒரு டிராக்குக்குத்தான் இடம். சில மென்பொருள்கள் முதல் டிராக்கை மட்டும் எடுத்துவிட்டு 'வெற்றிகரமாக முடிந்தது' என்று காட்டிவிடுகின்றன. அந்த ஐஎஸ்ஓவைத் திறந்தால் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டரும் அதற்குள் 'ஏவிசீக்01' என்ற வீடியோ கோப்பும் பல நூறு எம்பி அளவோடு தெரியும். கையை விட்டால் உள்ளே எதுவும் இருக்காது. புத்தகத்தைக் கிழித்துப் பொருளடக்கத்தை மட்டும் பத்திரப்படுத்தியது போல. ஆகவே பெயரும் அளவும் தெரிகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். இமேஜ் கோப்பின் மொத்த அளவைப் பாருங்கள்.

இந்த அளவுக் கணக்கு எனக்கு மிகவும் கைகொடுத்தது. 2352 பைட்டை நொடிக்கு 75, நிமிஷத்துக்கு 60 என்று பெருக்கினால் நிமிஷத்துக்கு 1,05,84,000 பைட் வரும். விண்டோஸ் காட்டும் கணக்கில் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர டிஸ்க் என்றால் முழு இமேஜ் 605 எம்பி இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்த ஒரு மணி நேரக் கோப்பு 527 எம்பிதான் இருந்தது. 2048ஆல் பெருக்கிப் பார்த்தால் அட்சரம் பிசகாமல் அந்த 527 வருகிறது. வெட்டியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நல்ல இமேஜ் எடுத்த பிறகு இன்னொரு குழப்பம் வரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். 80 நிமிஷ டிஸ்க்கின் இமேஜ் 800 எம்பியைத் தாண்டும். '700 எம்பி சிடியில் எப்படி 800?' என்று பயப்பட வேண்டாம். டிஸ்க் உறையில் போட்டிருக்கும் 700 என்பது 2048 கணக்கு.

சரி, ஐஎஸ்ஓ வேண்டாம் என்றால் எது? கையில் கிடைக்கக்கூடியவை நான்கைந்து உண்டு. நீரோ, ஆல்கஹால், குளோன்சிடி என்பவை டிஸ்க்கை நகலெடுக்கும் மென்பொருள்கள். நீரோவின் என்ஆர்ஜி, ஆல்கஹாலின் எம்டிஎஃப்-எம்டிஎஸ், குளோன்சிடியின் சிசிடி-ஐஎம்ஜி-சப், அப்புறம் பின்-கியூ. இவை எல்லாமே முழு 2352 பைட்டையும் பல டிராக்குகளையும் வைத்துக்கொள்ளக் கூடியவைதான். வித்தியாசம் பிற்காலத்தில்தான் தெரியும். என்ஆர்ஜியில் டிராக் விவரம் கோப்பின் வால் பக்கத்தில், அந்த நிறுவனத்தின் சொந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது. மற்ற மென்பொருள்கள் அதை ஊகித்துத்தான் திறக்கின்றன. எம்டிஎஃப்பும் அப்படித்தான். இன்னும் இருபது வருஷம் கழித்து என் மகள் திறக்க வேண்டிய கோப்பு ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் இருப்பதை நான் விரும்பவில்லை. குளோன்சிடி முறை, டிஸ்க்கில் முக்கியத் தகவலோடு ஒட்டி ஓடும் சப்சேனல் தகவலையும் சேர்த்து எடுக்கிறது. அது திரையில் பாட்டு வரி மட்டும் ஓடுகிற பழைய சிடி+ஜி கரோக்கே டிஸ்க்குக்குக் கட்டாயம் வேண்டும். படத்தோடு வருகிற கரோக்கே விசிடிக்கும் கல்யாண விசிடிக்கும் தேவையில்லை.

நான் எடுத்த முடிவு பின்-கியூ. 'பின்' என்பது டிஸ்க்கிலிருந்து வந்த பைட்டுகள் அப்படியே. 'கியூ' என்பது நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய சின்ன எழுத்துக் கோப்பு. திறந்து பார்த்தால் முதல் வரியில் பின் கோப்பின் பெயர், அடுத்து டிராக் 01, மோட் 2, 2352, அது தொடங்கும் நேரம், அடுத்து டிராக் 02, மோட் 2, 2352, அதன் நேரம். அவ்வளவுதான். மென்பொருளே இல்லாத காலம் வந்தாலும் விவரம் தெரிந்த ஒருவர் இந்த வரிகளைப் படித்துவிட்டு டிஸ்க்கை மறுபடி கட்டிவிடலாம். என்னைப் பொறுத்தவரை வேறு எந்தக் காரணமும் இதற்கு ஈடாகாது. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு சிடிஆர்டிஏஓ என்ற இலவசக் கருவி உண்டு. அது கியூவுக்குப் பதில் 'டாக்' என்ற எழுத்துக் கோப்பு தரும், அதைக் கியூவாக மாற்றிக்கொள்ள முடியும். அதில் 'ரீட்-ரா' என்ற விருப்பத்தைச் சேர்க்க மறக்காதீர்கள், அப்போதுதான் முழு 2352 பைட்டும் வரும்.

நான் விண்டோஸில் இம்ஜ்பர்ன் வைத்து எடுத்தேன். இலவசம், பழைய மென்பொருள், கடைசிப் பதிப்பு 2013ல் வந்தது, ஆனாலும் வேலை செய்கிறது. டிஸ்க்கிலிருந்து இமேஜ் எடு என்பதைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே இருப்பது விசிடி என்று புரிந்துகொண்டு அதுவாகவே பின்-கியூவுக்கு மாறிவிடும். மாறியதா என்று கோப்புப் பெயரின் வாலை ஒருமுறை பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். படிக்கும் வேகத்தைக் குறைத்து வையுங்கள். பழைய டிஸ்க் வேகமாகச் சுற்றும்போது அதிர்ந்து பிழை விடும், நிதானமாகப் படிக்கவிட்டால் அதே இடம் சுத்தமாக வரும். பின் கோப்பின் பெயரை மாற்றினால் கியூவுக்குள் இருக்கும் பெயரையும் கையோடு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நிற்கும். பழைய மென்பொருள்கள் சில தமிழ் எழுத்துப் பெயர்களில் தடுமாறும் என்பதால் கோப்புக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, எந்த விசேஷம், எந்த வருஷம், யார் யார் இருக்கிறார்கள் என்பதை அதே ஃபோல்டரில் தனி எழுத்துக் கோப்பில் தமிழில் எழுதி வைத்தேன். பின் கோப்பின் கடைசி மூன்று எழுத்தை ஐஎஸ்ஓ என்று மாற்றிவிட்டால் ஐஎஸ்ஓ ஆகிவிடும் என்று ஒருவர் எனக்கு ஆலோசனை சொன்னார். ஆகாது, குழப்பம்தான் மிஞ்சும். பின்னை ஐஎஸ்ஓவாக 'மாற்றித் தரும்' கருவிகளையும் விசிடிக்குத் தொடாதீர்கள், பழையபடி 2048க்கு வெட்டிவிடும் ஆபத்து இருக்கிறது.

மூன்றாவது டிஸ்க்கின் பின் கோப்பை விஎல்சியில் இழுத்துப் போட்டேன். பெரும்பாலும் அப்படிப் போட்டாலே ஓடிவிடும். அப்பாவின் முகம் தெளிவாக வந்தது. 352க்கு 288 புள்ளி அளவுள்ள சின்னப் படம், இன்றைய டிவியில் மங்கலாகத்தான் தெரியும். ஆனாலும் சட்டைப் பையில் செருகிய பேனாவரை தெரிந்தது. தண்ணீர் ஊற்றும்போது அவர் கை லேசாக நடுங்குகிறது, அதை மறைக்க இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். அக்கா கல்யாணத்தன்று பக்கத்திலேயே நின்ற நான் அதைக் கவனிக்கவில்லை. அம்மா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

எல்லா டிஸ்க்கும் இப்படிச் சுலபமாக வரவில்லை. அக்காவின் வளைகாப்பு டிஸ்க்கில்தான் எங்கள் பாட்டி இருக்கிறார். வேறு எந்த வீடியோவிலும் அவர் இல்லை, புகைப்படம் மட்டும்தான். அந்த டிஸ்க்கின் மேல் வீடியோக்காரர் படம் போட்ட வட்டக் காகித லேபிள் ஒட்டியிருந்தார். நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: சிடியில் தகவல் இருக்கும் பளபளப்புப் படலம் கீழ்ப் பக்கம் இல்லை, எழுத்து இருக்கும் மேல் பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. கீழே விழும் கீறல் பிளாஸ்டிக்கில் விழுகிறது. மேலே விழும் கீறல் தகவலிலேயே விழுகிறது. ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊரில், பிஸ்கட் டின்னுக்குள் இருந்த அந்த லேபிளின் ஓரம் உப்பி எழும்பியிருந்தது. எழும்பிய இடத்தில் வெள்ளிப் படலத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் ஊசித்துளைகள் வழியாக விளக்கு தெரிந்தது. சிடி உள்வட்டத்திலிருந்து வெளியே நோக்கி எழுதப்படுவதால், ஓரம் என்றால் நிகழ்ச்சியின் முடிவு. பாட்டி ஆரத்தி எடுத்து முடித்துப் பாட்டுப் பாடும் பகுதி.

என் புது டிரைவ் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. தகவல் மீட்கும் இடம் ஒன்றில் பரிசோதனைக் கட்டணம் 80 வெள்ளி கட்டிக் கொடுத்தேன். முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள், கட்டணம் திரும்பி வரவில்லை. அப்புறம் அத்தானின் பழைய லேப்டாப்பில் இருந்த டிரைவில் போட்டுப் பார்த்தேன். அது இன்னும் சில நிமிஷங்களைக் கூடுதலாகப் படித்தது. டிரைவுக்கு டிரைவ் படிக்கும் திறமை மாறும். ஒன்றில் வரவில்லை என்றால் தெரிந்தவர்கள் வீட்டில் தூங்கும் பழைய கம்ப்யூட்டர்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கட்டணம் கட்டுவதற்கு முன்னால். படிக்க முடியாத செக்டார்களை விட்டுவிட்டு, அந்த இடத்தில் வெற்று செக்டாரை வைத்துத் தொடரும்படி மென்பொருளிடம் சொல்லலாம். அங்கங்கே ஒரு செக்டார் போனால் படம் ஒரு கணம் குலைந்து அரை நொடியில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் தொடர்ந்து போனால் ஒன்றும் செய்ய முடியாது. பாட்டி ஆரத்தி எடுப்பது இருக்கிறது. பாட்டின் முதல் அடி இருக்கிறது. மீதி இல்லை. அன்று இரவு நான் அழுதேன். பிழைதிருத்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டதால் விசிடி, கோப்புகள் எழுதிய சாதாரண சிடியைவிடச் சீக்கிரம் தோற்றுப் போகிறது என்பதை மறக்காதீர்கள். தள்ளிப் போடுவதற்கு ஏற்ற பொருள் இல்லை அது.

டிஸ்க்கைத் துடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிநோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் டிராக்கோடு சேர்ந்து ஓடி நீளமான பகுதியைக் கெடுக்கும். பற்பசை போட்டுத் தேய்க்கும் வைத்தியத்தை என் டிஸ்க்கில் நான் செய்யவிடவில்லை. ஒட்டிய லேபிள் எழும்பியிருந்தாலும் உரிக்காதீர்கள், படலம் கூடவே வந்துவிடும். நல்ல பசை போட்டு மறுபடி ஒட்டவும் முயல வேண்டாம். அப்படியே டிரைவில் வைத்து, குறைந்த வேகத்தில், இருப்பதை எடுத்துவிடுங்கள்.

'ஏன் இவ்வளவு கஷ்டம், வீடியோ கோப்பை மட்டும் இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் போதாதா?' என்று அத்தான் கேட்டார். விண்டோஸில் ஏவிசீக்01 என்ற அந்த 'டாட்' (DAT) கோப்பை இழுத்துப் போட முடியும், விஎல்சியில் ஓடவும் ஓடும். சும்மா பார்ப்பதற்கு அது போதும். ஆனால் மெனு போய்விடும், பாட்டுக்குப் பாட்டு தாவும் டிராக் பிரிவு போய்விடும், கெட்ட இடம் ஒன்று வந்தால் நகலெடுப்பது பாதியில் நின்றுவிடும். பின்-கியூ கையில் இருந்தால் அதிலிருந்து எது வேண்டுமானாலும் பிறகு செய்துகொள்ளலாம். விசிடிஇமேஜர் தொகுப்பில் வரும் விசிடிஎக்ஸ்ரிப் அல்லது விசிடிகியர் வைத்து வீடியோவைத் தரம் குறையாமல் எம்பெக் கோப்பாகப் பிரித்தெடுத்து, அதிலிருந்து எம்பி4 செய்து குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எம்பி4 செய்தாகிவிட்டதே என்று பின் கோப்பை அழித்துவிடாதீர்கள். எம்பி4க்கு மாற்றும்போது படம் இன்னொரு முறை நசுங்குகிறது. ஏற்கெனவே சின்னப் படம், அதில் இழப்பதற்கு அதிகம் இல்லை.

எடுத்த இமேஜ் சரிதானா என்று பார்க்க இரண்டு வேலை செய்தேன். நிமிஷத்துக்கு 10 எம்பி கணக்குப்படி அளவு வருகிறதா என்பது ஒன்று. ஒரே டிஸ்க்கை இரண்டு தடவை எடுத்து, இரண்டு பின் கோப்புகளுக்கும் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பு (கோப்பின் கைரேகை மாதிரி) ஒன்றாக வருகிறதா என்பது இன்னொன்று. செவன்-ஜிப் மென்பொருள் இருந்தால் கோப்பின் மேல் வலது தட்டுத் தட்டி அதைப் பார்த்துவிடலாம். நல்ல டிஸ்க்குகளில் ஒன்றாக வந்தது. வேறுபட்டால் எங்கோ ஒரு செக்டாரை டிரைவ் தடுமாறிப் படித்திருக்கிறது என்று அர்த்தம், டிரைவை மாற்றிப் பாருங்கள். அந்த மதிப்பையும் எழுத்துக் கோப்பில் குறித்து வைத்தால் ஹார்ட் டிஸ்க் பின்னாளில் கெட ஆரம்பிக்கும்போது தெரிந்துவிடும். என்னுடைய 22 டிஸ்க்கும் சேர்ந்து 13 ஜிபிகூட வரவில்லை. இன்றைக்கு அது ஒரு அளவே இல்லை. ஒரு நகல் என் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று கிளவுடில், ஒன்று ஜோகூரில் அக்கா வீட்டில்.

நேரம் இல்லை, கடையில்தான் கொடுக்கப் போகிறேன் என்கிறவர்கள் முதலில் ஒரே ஒரு டிஸ்க்கை மட்டும் கொடுங்கள். அதுவும் நன்றாக ஓடுகிற, அவ்வளவு முக்கியமில்லாத டிஸ்க். ரசீதில் 'பின்-கியூ இமேஜ், மோட் 2, 2352 பைட்' என்று எழுதி வாங்குங்கள். அதைக் கேட்டு முழிக்கிற கடையில் மேற்கொண்டு பேச வேண்டாம், டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். விவரம் தெரிந்தவர் உடனே தலையாட்டுவார். வாங்கும்போது கியூ கோப்பும் கூட இருக்கிறதா, அளவு சரியா என்று அங்கேயே பார்த்து, படத்தை நடுவிலும் கடைசியிலும் ஓடவிட்டுப் பாருங்கள். ஆரம்பத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டாம், கெட்ட டிஸ்க்கில் கடைசிதான் முதலில் போகும்.

வீட்டிலேயே எடுப்பவர்கள் எந்த டிஸ்க்கை முதலில் எடுப்பது என்று யோசித்தால், காகித லேபிள் ஒட்டியவற்றை முதலில் எடுங்கள். அடுத்து, மார்க்கரால் பெயர் எழுதிய, வீடியோக்காரர் தானே எழுதிக் கொடுத்த டிஸ்க்குகள். கடையில் வாங்கிய, ஆலையில் அச்சிட்ட டிஸ்க்குகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். பெரியம்மா வீட்டிலிருந்து இப்போது ஒரு பை நிறைய வந்திருக்கிறது, அதையும் நான் இந்த வரிசையில்தான் பிரித்து வைத்திருக்கிறேன். லேபிள் ஒட்டியவை ஏழு. இந்த வாரம் அவற்றை முடித்துவிட வேண்டும்.